மண்ணுக்குள் வாழும் மாபெரும் தட்டான்

மாலை வேளையில் தட்டான்கள் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அத்தட்டான்களின் இளம்பருவம் குளத்திலும் வாய்க்காலிலும் நீருக்குள் கழிகிறது. ஆனால் மண்ணில் வளை தோண்டிக் குடியிருக்கும் தட்டானையும் வல்ல அல்லாஹ் படைத்திருக்கின்றான்.

ஆஸ்திரேலியாவில், சிட்னி நகருக்கு மேற்கே நீலமலைத் தொடர் உள்ளது. அங்குள்ள சதுப்பு நிலங்கள் 'பெடலூரா ஜைஜான்டியா' எனும் ராட்சதத் தட்டானின் முக்கியமான வாழிடங்கள். உலகின் மிகப் பெரிய தட்டான்களுள் இதுவும் ஒன்று. பெண் தட்டான் இறகு விரித்தால் ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கும். டைனோசர்கள் உலவிய காலத்திலேயே இதன் குடும்பம் தோன்றிவிட்டது என்பர் அறிவியலார்.

ஈரப் பாசிக்கும் சருகுக்கும் இடையே பெண் தட்டான் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு சதுப்பு மண்ணில் வளை தோண்டும். அவ்வளையின் அடிப்பாகம் நிலத்தடி நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும். இரவில் வளைவாயிலுக்கு வந்து காத்திருந்து, அவ்வழியே செல்லும் பூச்சிகளைப் பிடித்து உண்ணும். இவ்வாறு ஆறாண்டுகளேனும் மண்ணுக்குள் கழிகின்றன என ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். பிறகு தோலுரித்து, இறகு பெற்று அது பறப்பதோ ஒரேயொரு கோடையில்தான். சுப்ஹானல்லாஹ்! தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயர்களில் அத்தியாயங்கள் கொண்ட திருமறையை ஓதுகின்ற நமக்கு, ஒரு பூச்சியின் வாழ்வு அற்பமாகத் தோன்றாது அல்லவா?

இச்சதுப்புகள் பல்லாயிரம் ஆண்டுகளாக, மட்கிய தாவரங்கள் மணற்பாறையின் மீது படிந்து உருவானவை. பஞ்சைப் போல மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுபவை. அவற்றின் அடியில் நிலக்கரி இருப்பதுதான் வினையாயிற்று. நீண்ட சுவர்போல நிலக்கரியை வெட்டியெடுத்து, வெற்றிடத்தின் கூரையை இடிந்து விழ விடுவது அங்குள்ள சுரங்க முறைகளுள் ஒன்று. மேலேயுள்ள நிலம் இறங்குகிறது, பாறை பிளக்கிறது, நீர் வடிந்து போகிறது. நியூன்ஸ் பீடபூமியில் சில சதுப்புகள் இவ்வாறே வறண்டன. இத்தகைய மலைச்சதுப்புகளை 2005ஆம் ஆண்டிலேயே அழிவின் விளிம்பிலுள்ளவை என ஆஸ்திரேலிய அரசு பட்டியலிட்டது. பட்டியலிட்டதோடு பாறைப் பிளவு அடைந்துவிடுமா, என்ன?

நீர் நிறைந்த சதுப்பின்மேல் காட்டுத்தீ பரவினாலும், வளைக்குள் ஈரத்தில் பதுங்கியிருக்கும் புழு பிழைத்துக்கொள்ள வழியுண்டு. வறண்ட சதுப்பிலோ மண்ணே விறகாகிவிடும். 2019-20ஆம் ஆண்டுப் பெருந்தீ அப்பீடபூமியிலும் புகுந்து பல சதுப்புகளை எரித்தது.

இறகுதான் இருக்கிறதே, வேறிடம் பறந்து போகலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். இவ்வினம் தன் சதுப்பை விட்டு நெடுந்தொலைவு செல்வது அரிது. அப்படியே சென்றாலும், அடுத்த சதுப்பின் அடியிலும் நிலக்கரி இருக்கலாம்.