மட்டாஞ்சேரியில் குடியிருத்தல்

“மட்டாஞ்சேரியில் அறை கிடைக்குமா? அங்கே குடியிருக்கலாமா?” எனக் களமசேரி வளாகத்துத் தமிழ் நண்பர்கள் பலர் என்னை வினவுகின்றனர். இரண்டாண்டுகளாக அங்கு ஒரு மாடியறையில் வாழ்பவன் நான்; ஆகவே விடை கூறும் கடன் எனக்கு உண்டு. வரலாற்று நகர் என்னும் பெயர் கேட்டு வருவோர் முதற்கண் அறிய வேண்டுவது ஒன்று: அவ்வூரின் அழகும் அல்லலும் ஒரே தண்ணீரிலிருந்து பிறந்தவை.

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் எழுந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்பர். துறை திறந்ததும் மிளகைத் தேடி உலகமே வந்தது. போர்த்துகீசியர் 1555இல் கட்டி அரசர்க்கு அளித்த அரண்மனை, பின்னாளில் டச்சுக்காரர் செப்பனிட்டமையால், ‘டச்சு அரண்மனை’ ஆயிற்று. கட்டியவன் பெயர் மறைந்து, பழுது பார்த்தவன் பெயர் நின்ற விந்தை! அதனருகே 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இன்றும் உண்டு. கொங்கணியர், குசராத்தியர், கச்சி மேமன்கள் எனப் பல மக்கள் கூப்பிடு தொலைவில் வாழ்கின்றனர். அண்டையிலுள்ள போர்ட் கொச்சியின் சலவைத் துறையில் தமிழே கேட்கும். டச்சுப் படையினரின் உடை வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். மாலையில் அரை மணி நடந்தால் நான்கைந்து மொழிகள் செவியில் விழும். இவ்வின்பத்தை நான் வேறெங்கும் பெற்றதில்லை.

இனி அல்லலைக் கூறுவேன். விருச்சிக மாதத்தில், அதாவது நம் கார்த்திகையில், காயலின் ஓதம் மிக உயரும். இதனை ‘வேலியேற்றம்’ என்பர். மழைத்துளி ஒன்றும் விழாமலே, ஓடைகளின் வழியே உவர்நீர் தெருவுக்கும் தாழ்ந்த வீடுகளின் உள்ளுக்கும் வந்துவிடும். பழைய சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆயவை. அக்கல் நீரை உறிஞ்சி மேலேற்றும். முன்னோர் பூசிய சுண்ணாம்பு அவ்வீரத்தை வெளியே விட்டது. இக்காலத்தார் பூசும் சிமெண்டோ ஈரத்தை உள்ளே அடைத்து, உப்புப் பூத்து, பாளம் பாளமாக உதிர்கின்றது. செலவு மிகுந்து பயன் குறைந்த திருத்தம் இது! தண்ணீர் சூழ்ந்த ஊரிலே குடிநீர்ப் பஞ்சம் வேறு. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்து இயந்திரங்கள் பழுதுற்றபோது மேற்குக் கொச்சி மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தனர். கொசுவைப் பற்றி எழுதப் புகுந்தால் இதழில் இடம் போதாது.

இவற்றைக் காட்டிலும் என்னை வருத்துவது வேறொன்று. வாணிகம் முதலில் வெல்லிங்டன் தீவுக்கும், 2011இல் வல்லார்பாடத்துப் பெட்டகத் துறைக்கும் பெயர்ந்தது. பல பண்டகசாலைகள் வெறுமையாயின. 2012இல் கொச்சி–முசிறிஸ் கலைவிழா தொடங்கியபின் அவற்றுட் சில ஓவியக் கூடங்களாயின. குடியிருந்த வீடுகள் விருந்தினர் விடுதிகளாயின. ஊர் பிழைத்தது, ஆனால் வாடகையும் ஏறிற்று. யூதர் தெருவைக் காண்க: 1948க்குப் பின் பெரும்பாலோர் இசுரேல் சென்றனர், அவர்தம் வீடுகள் இன்று பழம்பொருட் கடைகள்.

எஞ்சியோர் யார்? துறைமுகத்தை உழைத்து வளர்த்தவரின் மக்கள். வேலைக்கான ‘சாப்பா’ வில்லையைக் கூட்டத்தில் வீசியெறிய, அதற்காக அடித்துக்கொள்ள வேண்டியிருந்த முறையை எதிர்த்து, 1953 செப்டம்பரில் துப்பாக்கிக்கு முன் நின்றவர்கள் அத்தொழிலாளர்கள். அவ்வழியினர் பலர் இன்னும் ஒற்றை அறையில் நெருக்கியடித்து வாழ்கின்றனர். மட்டாஞ்சேரியை அடுத்த துருத்தியில் 2025இல் மாநகராட்சி திறந்த அடுக்குமாடி வீடுகள் அவர்களிற் சிலருக்கு விடிவு. விடுதிக்காரர் கூடுதலாகத் தரும் பணத்துக்கு ஈடு கொடுக்க அவர்களால் இயலாது; மாணவராகிய நம்மாலும் இயலாது.

ஆயினும், “வாருங்கள்” என்றே கூறுவேன். 2025 அக்டோபர் முதல் எறணாகுளம் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து நீர் மெட்ரோ படகு மட்டாஞ்சேரிக்கு வருகின்றது. பேருந்தில் நசுங்கும் துன்பம் குறைந்தது. விடுதியாக மாற்றிய வீட்டில் அறை எடாதீர். குடும்பம் வாழும் வீட்டின் மாடியைக் கேளுங்கள். பார்க்க வருவதானால் கார்த்திகையில், ஓதம் ஏறும் வேளையில் வருக. சுவரில் உப்புக் கோடு எவ்வளவு உயரம் நிற்கிறது, குழாயில் எந்நேரம் தண்ணீர் வரும் என்பவற்றைத் தெரிந்துகொண்டு முன்பணம் கொடுங்கள்.