த்ராட்டிலை விட்டால் திரும்பாது! ஜெட் ஸ்கிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் இதழில் ஜெட் ஸ்கிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், வைரஸ் என்று படித்து வந்தவர்களுக்கு, தண்ணீரில் ஓடும் இந்த ஸ்கூட்டர் சற்றுத் தொலைவான விஷயமாகத் தோன்றும். ஆனால் இன்று புதிதாக விற்பனைக்கு வரும் ஜெட் ஸ்கிகளில் எஞ்சினை இயக்குவது ஒரு கம்ப்யூட்டர்தான். சில மாடல்களில் வண்டியை நிறுத்துவதும் அதுதான். அந்த வசதி இல்லாத பழைய வண்டி ஒன்றில் ஏறி, என் நண்பன் மீதே மோத இருந்தவன் நான். அந்த அனுபவத்தையும், அதன் பின்னர் நான் தெரிந்து கொண்டவற்றையும் இங்கு பார்ப்போம்.

கேமில் பழகிய கை:

இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டலில் நாங்கள் இரவெல்லாம் ஆடியது ஜிடிஏ 5 என்ற கேம். 2013ல் வெளியாகி, 2015ல் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதில் சீஷார்க் என்ற பெயரில் ஒரு ஜெட் ஸ்கி உண்டு. கீ போர்டில் நான்கு கீகளை வைத்துக் கொண்டு அலை மேல் பறப்போம். மோதினால் என்ன? மீண்டும் தொடங்கிக் கொள்ளலாம்.

படிப்பு முடிந்து சாப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்து, பின் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டேன். கோடையில் அங்கு வெயில் 43 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். சனிக்கிழமை வந்தால் தண்ணீரைத் தேடி ஓடுவார்கள். நாங்கள் நான்கு பேர் காரில் கிளம்பி, மூன்று மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்து ஹவாசு ஏரிக்குச் சென்றோம்.

கொலராடோ ஆற்றின் குறுக்கே 1938ல் கட்டி முடிக்கப்பட்ட பார்க்கர் அணையால் உருவான ஏரி இது. லண்டனில் தேம்ஸ் நதி மேல் 1831 முதல் இருந்த லண்டன் பாலத்தை 1968ல் விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கொண்டு வந்து, 1971ல் இந்த ஏரிக்கரையில் திறந்து வைத்தார்கள். ஜெட் ஸ்கி ரசிகர்களுக்கு இது ஒரு புனிதத் தலம் எனலாம். உலக இறுதிப் போட்டிகள் பல ஆண்டுகள் இங்குதான் நடந்துள்ளன.

வாடகைக்குத் தருபவர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். லைப் ஜாக்கெட் தந்தார். இரண்டு நிமிடம் விளக்கினார். வலது கைப்பிடியில் ஒரு சிறு லீவர் உள்ளது. அதற்குத் த்ராட்டில் என்று பெயர். விரலால் அழுத்தினால் வண்டி போகும். விட்டால் வேகம் குறையும். "பைக் ஓட்டத் தெரியுமா? அப்படியானால் இதுவும் தெரியும்" என்றார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது.

ஏன் இவ்வளவு ஆனந்தம்?

முதல் பத்து நிமிடத்தில் என் வாழ்க்கையில் இருந்த டெட்லைன்கள் அனைத்தும் மறந்து போயின. மெதுவாகப் போகும்போது வண்டி மூக்கைத் தூக்கிக் கொண்டு தண்ணீரை உழுது செல்கிறது. த்ராட்டிலைச் சற்று அழுத்தியதும் அடிப்பாகம் மேலே எழும்பி, நீர்ப்பரப்பின் மீது வழுக்கத் தொடங்குகிறது. அந்த நொடியில் எடையே இல்லாதது போலிருக்கும். வளைவில் உடலைச் சாய்த்தால் பைக் போலவே சாய்கிறது. அலை ஒவ்வொன்றும் முழங்காலுக்குத் தெரிகிறது. மானிட்டர் முன்னால் ஐந்து நாள் கழுத்து வலியோடு அமர்ந்தவனுக்கு இதைவிட நல்ல ரீஸ்டார்ட் கிடையாது.

அந்த மூன்று நொடிகள்:

என் அறை நண்பன் எனக்கு முன்னால் போய்க் கொண்டிருந்தான். நான் ஐம்பது மீட்டர் பின்னால், ஏறத்தாழ மணிக்கு 60 கி.மீ. வேகத்தில். அவன் திடீரென்று வளைத்தான். வண்டி ஒரு பக்கம் போக, அவன் மறு பக்கம் தண்ணீரில் விழுந்தான்.

என் கை யோசிக்காமல் ஒரு காரியம் செய்தது. த்ராட்டிலை விட்டது, ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுவதுமாகத் திருப்பியது. ஸ்கூட்டரில், காரில், கேமில் எங்கும் நாம் செய்வது இதுதானே? வேகத்தைக் குறை, திருப்பு.

வண்டி திரும்பவில்லை. ஹேண்டில்பார் இடது பக்கம் இருக்கிறது. வண்டி நேராக அவன் தலையை நோக்கிப் போகிறது. அந்த வேகத்தில் ஐம்பது மீட்டரைக் கடக்க மூன்று நொடி போதும். லைப் ஜாக்கெட் போட்டிருந்ததால் அவனால் தண்ணீருக்குள் மூழ்கித் தப்பவும் முடியாது. காலை உதைத்து விலகினான். இரண்டு மீட்டர் இடைவெளியில் அவனைக் கடந்து போனேன்.

கரைக்கு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பிரேக் போட மாட்டியாடா?" நான் சொன்னேன், "இதுல பிரேக்கே இல்லடா."

ஏன் திரும்பவில்லை?

படகுக்குப் பின்னால் சுக்கான் இருக்கும். எஞ்சின் நின்றாலும், படகு நகரும் வரை சுக்கான் ஓரளவு வேலை செய்யும். ஜெட் ஸ்கியில் சுக்கான் கிடையாது. வண்டியின் அடியில் உள்ள ஒரு திறப்பின் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. எஞ்சினால் சுழலும் இம்பெல்லர் அதனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குறுகலான குழாய் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, வண்டி முன்னே பாய்கிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் அந்தக் குழாயின் முனை இடமும் வலமும் திரும்பும். தண்ணீர் எந்தப் பக்கம் பீய்ச்சப்படுகிறதோ, அதற்கேற்ப வண்டி வளையும்.

அதாவது, த்ராட்டிலை விட்டால் தண்ணீர் பீய்ச்சுவது குறையும். அது குறைந்தால் திருப்பும் சக்தியும் குறையும். ஆபத்து வரும்போது மனிதன் இயல்பாகச் செய்யும் காரியமே அவனைக் காப்பாற்றும் ஒரே வழியை அடைத்து விடுகிறது. சாப்ட்வேர் பாஷையில் சொன்னால், இது பயனாளர் செய்த தவறு என்பதைவிட யூசர் இண்டர்பேஸில் உள்ள தவறு.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த விஷயம் இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998ல் இந்த வகை வண்டிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. மற்ற படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களே அதிகம். ஜெட் ஸ்கி விபத்துகளிலோ மோதலில் அடிபட்டு இறப்பவர்களே அதிகம் என்று அந்த ஆய்வு கூறியது. த்ராட்டிலை விட்டால் திருப்பும் சக்தி போய்விடுவதையும் அது சுட்டிக் காட்டியது.

சாப்ட்வேர் வந்த கதை:

கிளேடன் ஜேக்கப்சன் என்ற மோட்டார் சைக்கிள் பந்தய ஆர்வலர் 1960களில் உருவாக்கிய யோசனை இது. நிலத்தில் பைக் ஓட்டி விழுந்தால் அடிபடுகிறது. தண்ணீரில் ஓட்டினால் என்ன என்று யோசித்தவர். பம்பார்டியர் நிறுவனம் 1968ல் சீ-டூ என்ற பெயரில் ஒரு மாடலைக் கொண்டு வந்து, விரைவிலேயே நிறுத்தி விட்டது. 1973ல் கவாசகி கொண்டு வந்த நின்று ஓட்டும் மாடல்தான் வெற்றி பெற்றது. ஜெட் ஸ்கி என்பதே கவாசகியின் டிரேட் மார்க். போட்டோகாப்பியை நாம் ஜெராக்ஸ் என்பது போல, எல்லா நிறுவனங்களின் வண்டியையும் மக்கள் ஜெட் ஸ்கி என்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் யமஹாவின் வேவ்ரன்னரும், மறுபிறவி எடுத்த சீ-டூவும் வந்தன. உட்கார்ந்து ஓட்டலாம் என்றானதும் வாடகைக் கடைகள் பெருகின; புதியவர்களும் பெருகினார்கள்.

திரும்பாத வண்டிக்கு இருவிதமான தீர்வுகள் வந்தன. சீ-டூ தன் சில மாடல்களில் இரு பக்கமும் சிறு துடுப்புகளை வைத்தது. இது ஹார்ட்வேர் தீர்வு. யமஹாவும் கவாசகியும் வேறு வழியில் சென்றன. வேகமாகப் போகும்போது த்ராட்டிலை விட்டு, ஹேண்டில்பாரையும் முழுவதுமாகத் திருப்பினால், ஓட்டுபவர் பதற்றத்தில் இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் எடுத்துக் கொள்கிறது. தானாகவே எஞ்சின் வேகத்தைச் சற்று உயர்த்தி, திரும்புவதற்குத் தேவையான அளவு தண்ணீரைப் பீய்ச்சுகிறது. இது சாப்ட்வேர் தீர்வு. என் கை அன்று செய்த அதே காரியத்தை எதிர்பார்த்து, அதற்காகவே ஒருவர் எழுதிய சில வரி கோட்!

2009ல் சீ-டூ பிரேக் கொண்டு வந்தது. இடது கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தினால், பின்னால் உள்ள கிண்ணம் போன்ற தடுப்பு இறங்கி, பீய்ச்சப்படும் தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பி விடுகிறது. வண்டி நிற்கிறது. எப்போது, எவ்வளவு இறக்க வேண்டும், அப்போது எஞ்சின் எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் கவனித்துக் கொள்கிறது. பின்னர் யமஹாவும் 2015 மாடல்களில் இதே போன்ற வசதியைத் தந்தது.

சாவியிலும் சாப்ட்வேர் உள்ளது. சீ-டூ வண்டிகளின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். பழகுநருக்கான சாவியைச் செருகினால், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டாது. கம்ப்யூட்டரில் குழந்தைகளுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் ஏற்படுத்தித் தருகிறோம் அல்லவா, அதைப் போல.

அடுத்து என்ன?

இந்தப் பொழுதுபோக்கைப் பலருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் எரியாத பெட்ரோலைத் தண்ணீரிலேயே விட்டன. கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களுக்கு இடையே உள்ள டாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு 1999ல் தடை வந்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் 2000ல் ஜெட் ஸ்கிக்கே கதவடைக்கப்பட்டது. 2002ல் யமஹா போர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டு வந்த பிறகு புகை குறைந்தது; சத்தம் முழுவதுமாகத் தீரவில்லை.

அப்படியானால் பேட்டரியில் ஓடும் ஜெட் ஸ்கி? கனடாவின் டைகா நிறுவனம் ஓர்கா என்ற மின்சார மாடலைத் தயாரித்து, 2022ல் வாடிக்கையாளர்களுக்குத் தரத் தொடங்கியது. 2024ல் அந்த நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரும் நிலைக்குச் சென்றது. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் இன்ஜினியர் என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பெரிய ஜெட் ஸ்கியின் டாங்க் 70 லிட்டர். அதில் உள்ள பெட்ரோலின் எடை ஏறத்தாழ 52 கிலோ. ஒரு கிலோவில் சுமார் 12 யூனிட் ஆற்றல் என்றால், மொத்தம் 620 யூனிட்டிற்கு மேல். எஞ்சின் இதில் கால் பங்கைத்தான் பயன்படுத்துகிறது என்று கொண்டாலும் 155 யூனிட் கிடைக்கும். இதே ஆற்றலை லித்தியம் பேட்டரியில் அடைக்க வேண்டுமானால், பேட்டரி மட்டுமே ஆயிரம் கிலோ அளவிற்கு வரும்! வண்டியின் எடையே 400 கிலோவிற்குள்தான். சாலையில் கார் உருண்டு போகிறது. தண்ணீரிலோ ஒவ்வொரு மீட்டருக்கும் தண்ணீரைத் தள்ளிக் கொண்டே இருக்க வேண்டும். எனவே ஏரியில் ஒரு மணி நேரம் வாடகைக்கு ஓட்டவும், கரையோரம் சுற்றி வரவும் மின்சார வண்டி பொருந்தும். நாள் முழுவதும் ஓட்டப் பெட்ரோல் இன்னும் சில காலம் இருக்கும்.

இன்று 300 குதிரைத் திறனுக்கு மேல் உள்ள மாடல்கள் விற்கின்றன. என்னைக் கேட்டால், இந்தப் பொழுதுபோக்கின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போவது இந்த எண் இல்லை. முதல் முறை ஏறும் ஒருவன் பதறிப் போய்க் கையை எடுத்தால் வண்டி என்ன செய்கிறது என்பதுதான். பிரேக்கும் வேகக் கட்டுப்பாடும் விலை குறைந்த வாடகை வண்டிகள் அனைத்திலும் வர வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் ஏரியில் இவற்றை விட்டு வைப்பார்கள்.

நீங்கள் ஓட்டப் போகிறீர்களா?

நீங்கள் ஜெட் ஸ்கி ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தால், கீழ்க்காணும் குறிப்புகளை மனதில் கொள்ளவும்.

1. பிரேக் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், தடையைக் கண்டதும் த்ராட்டிலை முழுவதும் விட்டுவிடாமல், ஓரளவு அழுத்தியபடியே வேறு பக்கம் திருப்பவும்.

2. சாவியோடு வரும் கயிற்றை லைப் ஜாக்கெட்டில் அல்லது மணிக்கட்டில் மாட்டிக் கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு எஞ்சின் நின்றுவிடும்.

3. முன்னால் செல்பவருக்கும் உங்களுக்கும் நூறு மீட்டராவது இடைவெளி விடவும்.

4. வண்டி கவிழ்ந்தால், எந்தப் பக்கமாக நிமிர்த்த வேண்டும் என்று பின்னால் அம்புக்குறியுடன் ஸ்டிக்கர் இருக்கும். மாற்றித் திருப்பினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகலாம்.

5. இடுப்பளவு ஆழம் இல்லாத இடத்தில் எஞ்சினை இயக்க வேண்டாம். மணலும் கல்லும் உள்ளே இழுக்கப்படும்.

இரண்டு வாரம் கழித்து நாங்கள் மீண்டும் ஹவாசு சென்றோம். இம்முறை பிரேக் வைத்த புதிய மாடல். ஆள் இல்லாத இடத்திற்குச் சென்று, வேகமாகப் போய், த்ராட்டிலை விட்டு, பிரேக்கை அழுத்தி, பத்து முறை பழகினேன். கை புதிய பாடத்தைக் கற்றுக் கொண்டது என்று தோன்றிய பிறகே நண்பனை அழைத்தேன்.

அவன் தன் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொண்டு சொன்னான், "நீ முன்னாடி போடா. நான் பின்னாடி வர்றேன்."