காகித வயலின் ஏந்திய பிள்ளைகள்

வயலின் வாசிப்பதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வாத்தியத்தின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. கற்றுக் கொடுப்பவருக்கு மாதச் சம்பளம் வேறு. "நமக்கு எதற்கடா அந்த ஆசை?" என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறோம்.

ஆனால் வாசகர்களே, தென் அமெரிக்காவில் வெனிசுவேலா என்றொரு நாடு உண்டு. அங்கே காசு வாங்காமல் பிள்ளைகளின் கையில் வாத்தியத்தைக் கொடுத்து, ஊருக்கு ஊர் இளைஞர் இசைக்குழு அமைக்கும் பணி 1975ஆம் ஆண்டு தொடங்கியது. அந்தப் பணியின் பெயர் 'எல் சிஸ்தேமா'. அதன் கதையை நம் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

11 பேர்தான் வந்தார்கள்!

இதைத் தொடங்கியவர் ஹொசே அன்டோனியோ அப்ரேயு. பொருளாதாரம் படித்தவர், இசையும் கற்றவர். தலைநகர் கராகசில் ஒரு கார் கொட்டகையில் முதல் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். இசைத் தாள்களை வைத்து வாசிப்பதற்கு 50 தாங்கிகள் நன்கொடையாகக் கிடைத்திருந்தன. 100 பேர் வருவார்கள் என்று காத்திருந்தார். வந்தவர்களோ 11 பேர்!

நாமாக இருந்தால் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவரோ, அந்த 11 பேரிடமும், "இந்தக் குழுவை உலகத்தின் முதல்தரக் குழுக்களில் ஒன்றாக ஆக்குவேன்" என்று அன்றிரவே வாக்குக் கொடுத்தார். பிறகு அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். பாட்டு, கூத்து என்று பேசினால் பணம் வராது என்பதை அறிந்து, 'இது பிள்ளைகளைக் காக்கும் சமூகநலப் பணி' என்று எடுத்துச் சொன்னார். நாட்டுக்கு எண்ணெய் வருமானம் இருந்த காலம் அது. பணம் கிடைத்தது, பணி நாடெங்கும் பரவியது.

நூறு பேர், ஒரே வாசிப்பு

இசைக்குழு என்றதும் கலியாண வீட்டில் சினிமாப் பாட்டுப் பாடுவோர் உங்கள் நினைவுக்கு வரலாம். இது வேறு வகை. வயலின், செல்லோ, புல்லாங்குழல், டிரம்பெட், முரசு என்று 80, 100 பேர் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாசிக்க வேண்டிய பகுதி எழுதி வைக்கப்பட்டிருக்கும். முன்னே நிற்கும் இசை நடத்துநரின் கையசைவுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும். ஒரு பையன் அரை நொடி முந்தினாலும் கேட்பவர் காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டேதான் தன்னுடையதையும் வாசிக்க வேண்டும்.

மற்ற இடங்களில் பிள்ளை பல வருடம் தனியாகக் கற்றுத் தேறிய பிறகுதான் குழுவில் இடம் கிடைக்கும். எல் சிஸ்தேமாவில் தொடக்கத்திலேயே பிள்ளையைக் குழுவுக்குள் அமர்த்திவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அருகிலுள்ள இசை மையத்துக்கு வந்து, தினமும் சில மணி நேரம் பயிற்சி எடுக்கிறார்கள். நன்றாகத் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

இதில் நமக்குப் புதுமை ஒன்றுமில்லை. நம் இளைஞர்கள் உறுமி மேளம் கற்றுக்கொண்டது எப்படி? அண்ணன்மார் அடிப்பதைச் சுற்றி நின்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் கையில் குச்சியை வாங்கியவர்கள்தானே!

சிறு பிள்ளைகளுக்கு 'காகித இசைக்குழு' என்று ஓர் ஏற்பாடும் உண்டு. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து, காகிதத்தாலும் அட்டையாலும் பசை தடவி ஒரு வயலின் செய்கிறார்கள். அதில் ஓசை வராது. ஆனால் எப்படிப் பிடிப்பது, எப்படி நிமிர்ந்து அமர்வது, கீழே போடாமல் எப்படிப் பாதுகாப்பது என்பதை அதை வைத்தே பிள்ளை பழகிக்கொள்கிறது. அதன் பிறகே உண்மை வயலின் கைக்கு வருகிறது. காது கேளாத பிள்ளைகளையும் அவர்கள் ஒதுக்கவில்லை. வெள்ளைக் கையுறை அணிந்து, சைகையாலேயே பாட்டை நடத்திக் காட்டும் குழு ஒன்று அந்தப் பிள்ளைகளுக்காக உருவானது.

பை நிரப்பிய பையன்

எடிக்சன் ரூயிஸ் என்ற சிறுவன், வீட்டுச் செலவுக்கு உதவியாகப் பேரங்காடியில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை செய்தான். 11 வயதில் இசை மையத்துக்கு வந்தான். அவனைவிட உயரமான டபுள் பேஸ் என்ற வாத்தியத்தைக் கொடுத்தார்கள். 17 வயதில், உலகப் புகழ் பெற்ற பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவில் இடம் பிடித்துவிட்டான்!

1981இல் பிறந்த குஸ்தாவோ துதாமெல் இன்னொருவர். அப்பா டிரம்போன் வாசிப்பவர். மகனுக்கும் அதே ஆசை. ஆனால் கை எட்டவில்லை. எனவே வயலின் கற்றார். வீட்டில் பொம்மைகளை வரிசையாக அடுக்கி வைத்து, அவற்றுக்கு முன்னால் நின்று கையசைத்து விளையாடுவாராம். 2007இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் வெனிசுவேலா இளைஞர் குழுவை அவரே நடத்தி, கூட்டத்தை எழுந்து ஆட வைத்தார். 2009இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் குழுவின் இசை இயக்குநர் பொறுப்பை ஏற்றார்.

கதவு திறந்திருந்தும்...

இனிப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. கசப்பும் உண்டு.

அமெரிக்க நாடுகளுக்கான அபிவிருத்தி வங்கி, 6 முதல் 14 வயது வரையுள்ள 2,914 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. பிள்ளைகளின் தன்னடக்கம் ஓரளவு கூடியிருந்தது. ஆனால் இன்னொரு கணக்கும் வெளிவந்தது. அந்த மாநிலங்களில் 46.5 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஏழைகள். இசை மையத்தில் சேர வந்தவர்களிலோ ஏழைகள் 16.7 விழுக்காடுதான்!

கட்டணம் இல்லை, வாத்தியமும் இலவசம். அப்படியிருந்தும் மிக ஏழைப் பிள்ளைகள் வாசல்வரை வந்து சேரவில்லை. இதன் காரணம் நமக்குத் தெரியாததா? வேலைக்குப் போகும் தாய்க்குச் செய்தி போய்ச் சேருவதில்லை. சேர்ந்தாலும் கொண்டுபோய் விட்டு அழைத்துவர ஆளில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 'அது நமக்கானது இல்லை' என்ற எண்ணம் முன்னே வந்து நின்றுவிடுகிறது.

அரசாங்கப் பணத்தை நம்பிய பணிக்கு அரசியல் தொல்லையும் வந்தது. 2017இல் நாட்டில் போராட்டங்கள் வெடித்தபோது, எல் சிஸ்தேமாவில் வயோலா வாசித்த 18 வயது இளைஞர் ஒருவர் அதில் உயிரிழந்தார். துதாமெல் வாய் திறந்து அரசைக் கண்டித்தார். பிறகு அவர் நடத்தவிருந்த தேசிய இளைஞர் குழுவின் அமெரிக்கப் பயணம் ரத்து செய்யப்பட்டது. வறுமை தாங்காமல் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். இசை கற்றவர்களும் அவர்களில் அடக்கம். அப்ரேயு 2018 மார்ச்சில் காலமானார்.

ஆனாலும் அவர் போட்ட விதை அழியவில்லை. பல நாடுகளில் அதே முறையில் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

நம் நாட்டிலும் இத்தகைய மேடை இல்லாமல் போகவில்லை. 2006இல் மலேசிய பில்ஹார்மோனிக் இளைஞர் இசைக்குழு அமைக்கப்பட்டு, 2007இல் கோலாலம்பூரில் முதல் கச்சேரியை நடத்தியது. அதில் சேர வாசித்துக் காட்டித் தேர்வு பெற வேண்டும். அந்த வாசல்வரை போக வேண்டுமானால் முதல் படி பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. புறப்பாட நடவடிக்கையில் பேண்டு வாத்தியக் குழுவோ வேறு இசைக் குழுவோ உண்டா என்று ஆசிரியரைக் கேளுங்கள். கோயிலில் தேவார வகுப்பு, மிருதங்க வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவரும் பாரத்தை அலமாரியில் செருகி வைக்காமல், புரியாவிட்டால் படித்தவர் ஒருவரிடம் காட்டி, தவணைக்குள் கொடுத்தனுப்புங்கள். பயிற்சிக்கு அழைத்துப் போக ஒரு வீட்டாரால் முடியாவிட்டால், நான்கு வீட்டார் சேர்ந்து முறை வைத்துக் கொள்ளலாமே!

எல்லாப் பிள்ளையும் பெர்லினுக்குப் போகாது. போக வேண்டியதுமில்லை. நேரம் தவறாமல் வருவது, அடுத்தவன் வாசிப்புக்குக் காது கொடுப்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது ஆகிய மூன்றும் வந்தால் போதும். பெரட்டுக்கு விடியுமுன்னே போய் நின்று பழகிய குடும்பங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு அந்நியமானதா என்ன?

அடுத்த முறை உங்கள் மகளோ மகனோ, "அம்மா, பள்ளியில் வாத்தியம் கற்றுத் தருகிறார்களாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தால், உடனே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று கேளுங்கள்.