முத்திரை மூடுவதற்கா, சான்று சொல்வதற்கா?

வேம்பாரிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கருப்பட்டிப் பார்சல் அனுப்பிய பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றித் தைப்பார்கள். தையல் மேல் அரக்கை உருக்கி விட்டு, சூடு ஆறுவதற்குள் முத்திரையை அழுத்துவார்கள். இனி உள்ளே எதுவும் போகாது, உள்ளிருந்து எதுவும் வராது என்று அர்த்தம். அதே ஆள் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போனால் அங்கும் ஒரு முத்திரை விழும். அது எதையும் மூடுவதில்லை. இந்தப் பத்திரம் செல்லும் என்று சான்று சொல்கிறது.

அஹ்மதியா இயக்கத்தைச் சுற்றி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் வாதம் இந்த இரண்டு முத்திரைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 40ஆம் வசனம் நபிகள் நாயகத்தை ‘காத்தமுன் நபிய்யீன்’ என்கிறது. நபிமார்களின் முத்திரை என்பது அதன் நேர்ப்பொருள். அவரோடு நபித்துவம் முடிந்தது என்பதே உலக முஸ்லிம்களின் அடிப்படை நம்பிக்கை. ‘எனக்குப் பின் நபி இல்லை’ என்ற கருத்துள்ள ஹதீஸ்களும் அதற்கு ஆதாரம். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ யாரைக் கேட்டாலும் இதில் இரண்டாம் பேச்சு கிடையாது.

மிர்சா குலாம் அஹ்மத் (1835–1908) பஞ்சாபின் காதியான் ஊர்க்காரர். 1889இல் லூதியானாவில் சீடர்களிடம் பைஅத், அதாவது உறுதிமொழி, வாங்கி இயக்கத்தைத் தொடங்கினார். ஈஸா நபி சிலுவையில் இறக்கவில்லை, பிழைத்துப் பின்னாளில் இயற்கையாக இறந்தார், அவருடைய கல்லறை ஸ்ரீநகரில் இருக்கிறது என்றார். ஆகவே முஸ்லிம்கள் எதிர்பார்க்கும் ஈஸாவின் மறுவருகை வேறொருவர் மூலம் நிறைவேறும், அது தாமே என்றார். எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. ஆனால் அவரைப் பின்பற்றியவர்களையே பிற்பாடு இரண்டாகப் பிரித்தது வேறொரு கேள்வி: வந்தவர் நபியா, இல்லையா?

அவருடைய எழுத்தே இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1892இல் லாகூரில் நடந்த ஒரு விவாதத்தின்போது அவர் எழுதிக்கொடுத்த அறிக்கை இருக்கிறது. தம் நூல்களில் ‘நபி’ என்று வரும் இடம் உறுத்தினால் அதை அடித்துவிட்டு ‘முஹத்தஸ்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். இறைவன் உரையாடும் அருள் பெற்றவர், ஆனால் நபி அல்லாதவர், அவரே முஹத்தஸ். 1901இல் நிலைமை வேறு. உங்கள் குரு தம்மை நபி என்று வாதிடுகிறாரா என்று ஒரு சீடரிடம் ஒருவர் கேட்க, சீடர் இல்லவே இல்லை என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பு சரியில்லை என்று குலாம் அஹ்மத் ஒரு துண்டுப் பிரசுரமே எழுதினார். புதிய ஷரீஅத்தைக் கொண்டுவரும் நபி நான் அல்ல. ஆனால் நபிகள் நாயகத்தில் கரைந்து, அவருடைய நிழலாக, அந்தப் பெயரைப் பெற்றிருக்கிறேன் என்பது அதன் சாரம். முத்திரையின் இரண்டாம் பொருள் இங்கேதான் வேலை செய்கிறது: நாயகத்தின் முத்திரை பட்டவர் நபியாகலாம், படாதவர் ஆக முடியாது.

குலாம் அஹ்மத் 1908 மே 26 அன்று இறந்தார். முதல் கலீஃபா ஹக்கீம் நூருத்தீன் இருந்தவரை கட்டு குலையவில்லை. 1914 மார்ச்சில் அவரும் மறைந்தார். நிறுவனரின் மகன் பஷீருத்தீன் மஹ்மூத் அஹ்மத் 25 வயதில் இரண்டாம் கலீஃபா ஆனார். மூத்த அறிஞர் மௌலானா முஹம்மது அலி, அதிகாரம் ஒரு தனி மனிதரிடம் அல்ல, அஞ்சுமன் என்ற சபையிடமே இருக்க வேண்டும் என்று சொல்லித் தம்மவர்களோடு லாகூருக்குப் போனார். பதவிச் சண்டை என்று இதைச் சுருக்கிச் சொல்வோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. கொள்கைப் பிளவும் அதே அளவு ஆழமானது.

காதியான் தரப்பு சொல்வது: 1901க்கு முன் அவர் ‘நபி’ என்றாலே சட்டம் கொண்டுவருபவர் என்று பொருள் கொண்டிருந்தார், அதனால் மறுத்தார், பிறகு அந்தப் பொருள் அவருக்கே தெளிவாகிவிட்டது, ஆகவே பழைய மறுப்புகளைக் காட்டக் கூடாது. அவர் இறந்த அன்று பத்திரிகையில் வெளியான அவருடைய கடிதத்திலும் நபி என்றே சொல்கிறார். லாகூர் தரப்பு சொல்வது: 1901இல் எதுவும் மாறவில்லை; அந்தச் சொல்லை அவர் உருவகமாகவே எடுத்தார், 1907இல் வந்த நூலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்; அவர் முஜத்தித், அதாவது மார்க்கத்தைப் புதுப்பிக்க வந்தவர், அவ்வளவுதான். இரண்டு சான்றுகளும் நிஜம். ஒன்றை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்பவர் நேர்மையாகச் சொல்லவில்லை.

இது ஏட்டில் நிற்கும் வாதம் அல்ல. ஒருவரை நபி என்று ஏற்றால், ஏற்காதவர் யார் என்ற கேள்வி உடனே எழும். அவருக்கு ஜனாஸா, அதாவது இறுதித் தொழுகை, தொழுவதா, பெண் கொடுப்பதா, அவர் பின்னால் நின்று தொழுவதா? இரண்டாம் கலீஃபா கடுமையான பதில்களைச் சொன்னார். கலிமா சொன்ன எவரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்றார் முஹம்மது அலி.

அதே கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தது. மலபாரில் ஒருவர் அஹ்மதியா ஆனார். அவர் மார்க்கத்தைவிட்டே போய்விட்டார், திருமணம் முறிந்தது என்று கருதி அவர் மனைவி வேறொருவரை மணந்தார். இருதார மணக் குற்றச்சாட்டு சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்தது. 1922இல் நீதிபதிகள் ஓல்டுஃபீல்டும் கிருஷ்ணனும் தீர்ப்பளித்தார்கள்: அஹ்மதியாக்கள் முஸ்லிம்களில் ஒரு பிரிவினரே, அந்தக் கணவர் மதம் மாறியவர் அல்ல.

பாகிஸ்தான் வேறு வழியில் போனது. 1974 செப்டம்பர் 7 அன்று நிறைவேறிய அரசியல் சாசனத் திருத்தம், நாயகத்துக்குப் பின் நபி என்று உரிமை கோரியவரை நபியாகவோ சீர்திருத்தவாதியாகவோ ஏற்பவர்கூட முஸ்லிம் அல்ல என்றது. அந்த ‘சீர்திருத்தவாதி’ என்ற ஒரு சொல் லாகூர் தரப்பையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அறுபது வருஷம் அவர்கள் அக்கறையோடு காத்துவந்த வித்தியாசத்தைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை.

இந்தியாவில் சட்டம் அஹ்மதியாக்களை முஸ்லிம்களாகவே பார்க்கிறது. பள்ளிவாசலும் அடக்கஸ்தலமும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பாலும் மனங்களைக் கட்டாயப்படுத்த முடியவில்லை. 2009இல் சென்னையில் அடக்கம் செய்யப்பட்ட ஓர் அஹ்மதியாப் பெண்ணின் உடல், எதிர்ப்பு கிளம்பியதால் தோண்டி எடுக்கப்பட்டு, வேறொரு இடத்தில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டது.