எழுபது வளைவுகளுக்கு மேலே

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் நாம் செய்யும் முதற்காரியம் யாது? எந்தப் பள்ளி எத்தனை விழுக்காடு என்று தேடுவதே. நூற்றுக்கு நூறு எனில் நல்ல பள்ளி. எண்பது எனில் ஏதோ குறை. அறுபது எனில், அங்கே யார் பிள்ளையைச் சேர்ப்பார் என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். இத்தீர்ப்பு நீதியானதுதானா? இதனை எண்ணிப் பார்ப்பதற்காக, அன்பு வாசகர்களை இத்திங்கள் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்ல விழைகிறோம்.

அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலை உச்சியை அடைகிறோம். அங்கே மக்கள் கூடும் முக்கிய ஊர் செம்மேடு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் சிலை அங்கு நிற்கிறது. ஆடிப் பெருக்கை ஒட்டி அவன் பெயரால் அரசு விழாவும் நடைபெறுகிறது. சேலம் மாவட்டத்தோடு இருந்த இம்மலை, 1997-இல் பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள ஊராட்சிகள் பதினான்கும் ‘நாடு’ என்றே பெயர் பெற்றவை. மக்களில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்டோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தாரோ எனச் சிலர் மயங்குவர், அன்று. மலையை ஆள்பவர் என்பதே பொருள், பேசுவது தமிழே.

இதே மாவட்டத்தின் சமவெளியில் வேறொரு காட்சி. நாமக்கல், இராசிபுரம் பகுதிகளின் தனியார் உறைவிடப் பள்ளிகள் உயர்ந்த மதிப்பெண்களுக்குப் பெயர் பெற்றவை. தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் கடன் பட்டேனும் பிள்ளைகளை அங்கே கொண்டு வந்து சேர்க்கின்றனர். அங்குச் சேர்பவர் யார்? கட்டணம் செலுத்த வல்லவர். பெரும்பாலும் முன்னரே நன்கு படித்தவர். செம்மேட்டைச் சுற்றியுள்ள அரசு நடுநிலைப் பள்ளிகளும் உண்டு உறைவிடப் பள்ளிகளுமோ, வாசலில் வந்து நிற்கும் எந்தப் பிள்ளையையும் ஏற்கின்றன. பொறுக்கி எடுத்த கனிகளின் கூடையையும் மரத்தினடியில் விழுந்த அனைத்தையும் அள்ளிய கூடையையும் ஒரே தராசில் வைப்பது முறையோ?

விழுக்காடு என்னும் கணக்கிலும் ஒரு சூது உண்டு. ஒரு வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் என்று கொள்வோம். ஒருவன் தவறினால் எட்டு விழுக்காடு சரிந்துவிடும். நூற்றிருபது பேர் பயிலும் பள்ளியில் ஒருவன் தவறினால் ஒரு விழுக்காடுகூடக் குறைவதில்லை. சிதறிய குக்கிராமங்களின் சிறு பள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணமேயன்றி, ஆசிரியரின் சோம்பல் மட்டுமன்று.

வீட்டின் நிலையையும் நோக்குவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிந்தோர் 80 விழுக்காடு. பழங்குடியினரிலோ 54 விழுக்காடு. பழங்குடிப் பெண்களில் 47 விழுக்காட்டினரே எழுத்தறிந்தவர். இரவில் புத்தகத்தை விரிக்கும் பிள்ளைக்குச் சந்தேகம் தீர்க்க வீட்டில் ஆள் இல்லை என்பதே இதன் பொருள். சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி விளைகிறது. விலை சரியும் ஆண்டில் குடும்பம் கூலி தேடி வெளியூர் செல்லும். பிள்ளையும் உடன் செல்வான். ஆறாம் வகுப்புக்கு 3 கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. காகிதத்தில் மூன்று கிலோமீட்டர், மழைக்கால மலைப் பாதையில் மூன்றாக இருப்பதில்லை.

ஆகவே ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குச் செல்லும் படியே இம்மலையில் மிகக் கடினமான வளைவு என்போம். எட்டாம் வகுப்பு முடியும்வரை பொதுத்தேர்வு இல்லாமையால், இடையில் நின்றவன் எந்தத் தேர்ச்சிக் கணக்கிலும் வருவதில்லை. தேறாதவனையாவது பட்டியல் காட்டுகிறது. வராதவனை அது காட்டுவதே இல்லை.

இழப்போ பெரிது. 2020-இல் இயற்றப்பட்ட சட்டம் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கே. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், உயர்கல்வி பயிலும் மாணவிக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்குகிறது. அதற்கும் ஆறாம் வகுப்பே வாயில். பன்னிரண்டு வயதில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் சிறுமி, தான் அறியாமலேயே இவ்வாயில்களை இழக்கிறாள்.

மலையில் கல்வி விதைத்தோரை நன்றியுடன் நினைப்பதும் கடன். 1913-இல் இங்கு வந்த பாப்டிஸ்ட் சபையினரான ஜெஸ்ஸி பிராண்டும் அவர்தம் துணைவியார் ஈவ்லினும் மருத்துவத்தோடு கல்வியும் வழங்கினர். 1929-இல் காய்ச்சலால் ஜெஸ்ஸி மறைந்தார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைமக்களிடையே உழைத்து 1974-இல் கண்மூடினார். 1914-இல் பிறந்த அவர்கள் மகன் பால், தாயிடம் பாடம் கற்று இம்மலையின் மரங்களிலேறி வளர்ந்தவர். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்த புகழ்பெற்ற மருத்துவரானார். கொல்லிமலையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. உடன் அமர்ந்து கற்பிப்போர் கிடைத்தால் அது வளரும்.

நாம் செய்யக் கூடியது என்ன? இனிப் பள்ளியின் விழுக்காட்டைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். அங்கே பயில்வோர் யார்? எங்கிருந்து தொடங்கினர்? ஆறாம் வகுப்பில் சேர்ந்தவருள் எத்தனை பேர் இறுதிவரை நின்றனர்? தோட்டத்திற்கும் கட்டட வேலைக்கும் மலைக் குடும்பங்களை அழைத்து வரும் இல்லங்கள் நம்மிடையே இருக்கலாம். கூலி பேசும்போதே, “பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான்?” என்றும் கேட்போம். பள்ளி நடக்கும் காலமெனில், அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு நாமே அழைத்துச் செல்வோம். பழங்குடியினர்க்குரிய சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் பெற வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுப்போம்.

நம் பிள்ளையின் மதிப்பெண் தாளைப் பெருமையோடு பிறர்க்குக் காட்டுகிறோம், தவறில்லை. ஆனால் அத்தாளின் பின்னே வீட்டு விளக்கும் வேளை தவறாத உணவும் படித்த பெற்றோரும் மறைந்து நிற்பதை மறவாதிருப்போம். அவை யாவும் இன்றி, பனியில் நடந்து வந்து எழுபது மதிப்பெண் பெற்ற செம்மேட்டுச் சிறுமியின் முன், நம் தொண்ணூறு சற்றே தலை தாழ்த்தி நிற்கட்டும்.