முச்சந்தியின் தெய்வம் ஹெகடே

கிரேக்க தெய்வமான ஹெகடேயைச் சூனியக்காரிகளின் தலைவி என்று மட்டும் யாராவது சொன்னால் என் மனம் ஆறுவதில்லை. பழைய கிரேக்கர்கள் கும்பிட்ட ஹெகடே வேறு.

கி.மு. 700 வாக்கில் வாழ்ந்த ஹீசியட், தெய்வங்களின் பிறப்பைச் சொல்லும் 'தியோகனி'யில் அவளை நெடுக வாழ்த்துகிறார். பெர்செஸ், ஆஸ்டீரியா தம்பதியின் ஒரே மகள் அவள். மண், கடல், வானம் மூன்றிலும் அவளுக்குப் பங்கு உண்டு. மீனவர் வலையை நிரப்புவாள், மந்தையைப் பெருக்குவாள், பிள்ளைகளைக் காப்பாள்.

அவளது பூர்வீகம் இன்றைய துருக்கியின் தென்மேற்கிலிருந்த காரியா என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே லகினாவில் அவளுக்குப் பெருங்கோயில் இருந்தது. சாவி ஏந்திச் செல்லும் ஊர்வலம் அதன் திருவிழா.

பாதாள அரசன் ஹேடிஸ், டிமீட்டர் தெய்வத்தின் மகள் பெர்செபொனியைத் தூக்கிச் சென்றபோது, அவளது அலறல் குகையிலிருந்த ஹெகடேயின் காதில் விழுந்தது. மகளைத் தேடித் தவித்த டிமீட்டரிடம் ஹெகடே தீப்பந்தத்தோடு போய், கேட்டதைச் சொன்னாள். எனக்கு மிகவும் பிடித்த ஹெகடே இவள்தான்.

மூன்று உருவம் கூடிய அவளது சிலையை முதலில் வடித்தவர் அல்கமெனிஸ் என்கிறார் பழங்காலப் பயண எழுத்தாளர் பௌசானியஸ். அமாவாசையை ஒட்டி மக்கள் முச்சந்தியில் அவளுக்கு உணவு படைத்தார்கள். ஏழைகள் அதை எடுத்து உண்டதாக அரிஸ்டோஃபனிஸின் நாடகம் சொல்கிறது.

கிரேக்கப் புராணத்தின் சூனியக்காரி மீடியாவின் மந்திரக் கதைகளும், பின்னாளில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தும் அவளுக்குப் பயங்கர முகம் தந்தன. அடுத்தமுறை அவள் பெயரைக் கேட்டால், ஒரு தாயின் துயரத்துக்குத் துணை நின்றவளாகவும் அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.