தொட்டிக்குள் ஆலமரம் அடங்குவது எப்படி?

கோபுர இடுக்கில் முளைத்த ஆலங்கன்றைப் பார்த்திருப்பீர்கள். பறவை எச்சத்தில் வந்த விதை, கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில் வேர்விடுகிறது. இந்தக் குணத்தால்தான் ஆல், இச்சி போன்ற ஃபைகஸ் இனங்கள், மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் கலையைப் பழகுவோருக்கு ஏற்றவை.

மரத்தைத் தொட்டிக்குள் அடக்கக் கத்தரிப்பு உதவுகிறது. கிளை நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன், கீழேயுள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கத்தரித்தால் தடை நீங்கி, மொட்டுகள் விழிக்கும், கிளைகள் பெருகும். வெட்டிய இடத்தில் முத்து முத்தாகப் பால் கசியும். பயப்படாதீர்கள், அதுவே உறைந்து காயத்தை மூடிவிடும். ஓரிரு ஆண்டுக்கொருமுறை வேர்களையும் கொஞ்சம் கத்தரித்து, மண் மாற்ற வேண்டும்.

புதியவர்களிடம் கன்று சாவதற்குப் பெரும்பாலும் அதிகத் தண்ணீர்தான் காரணம். வேர் அழுகிவிடும். விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். வரவேற்பறை மூலை வேண்டாம்; நல்ல வெளிச்சம் கட்டாயம் வேண்டும்.